படம் ஷார்ப்பாக இருந்தே ஆகணுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினைந்து வருடமாகத் திருமணப் படம் எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில், புதிதாகக் கேமரா பிடிக்கிறவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். வகுப்புக்கு யார் வந்தாலும் முதலில் கேட்பது, "எந்த லென்ஸ் ஷார்ப்?" என்றுதான். கொஞ்ச நாள் போனதும் அதே ஆள் வேறு கேள்வியோடு வருவார்: "எல்லாமே ஷார்ப்பாத்தான் இருக்கு, ஆனா பாக்கும்போது ஒண்ணுமே தோணலையே, ஏன்?" இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் வந்த மற்ற கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஷார்ப்னஸ் என்று எதைச் சொல்கிறோம்?

இரண்டு விஷயங்களை அந்த ஒரே பெயரில் சொல்கிறோம். ஒன்று நுணுக்கம்: புருவத்து முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்து தெரிவது. இன்னொன்று விளிம்பு: கருப்பும் வெளுப்பும் சந்திக்கும் இடம் சட்டென்று மாறுகிறதா, கரைந்து மாறுகிறதா என்பது. லென்ஸ் கம்பெனிகள் வெளியிடும் எம்.டி.எஃப். வரைபடம் (கருப்பு வெள்ளைக் கோடுகளை லென்ஸ் எவ்வளவு பளிச்சென்று பிரித்துக் காட்டுகிறது என்ற அளவு) இதைத்தான் காட்டுகிறது. பெரும்பாலும் அதில் ஒரு மில்லிமீட்டருக்கு 10 ஜோடிக் கோடுகள், 30 ஜோடிக் கோடுகள் என்று இரண்டு அளவுகள் இருக்கும். 10-க்கான வளைவு மேலே இருந்தால் படம் எட்ட நின்று பார்க்கும்போதே பளிச்சென்று இருக்கும். 30-க்கான வளைவு மேலே இருந்தால் நுணுக்கம் நன்றாகப் பிரியும். வரைபடத்தின் இடது ஓரம் படத்தின் நடுப்பகுதி. வலது பக்கம் போகப் போக மூலை.

இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பல கம்பெனிகள் வெளியிடுவது லென்ஸின் வடிவமைப்பை வைத்துக் கணக்குப் போட்ட வளைவு. உங்கள் கையில் இருக்கும் லென்ஸை யாரும் அளந்து பார்க்கவில்லை.

என் படங்கள் ஷார்ப்பாக வருவதில்லை. லென்ஸை மாற்றினால் சரியாகுமா?

பெரும்பாலும் ஆகாது. என்னிடம் கொண்டுவந்து காட்டப்படும் "சாஃப்ட்" படங்களில் லென்ஸால் கெட்டது மிகக் குறைவு. படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி இப்படிப் பாருங்கள்.

தொங்கும் சீரியல் பல்பு ஒவ்வொன்றும் ஒரே திசையில் இழுபட்டு சின்னக் கோடாகத் தெரிந்தால், உங்கள் கை அசைந்திருக்கிறது. பின்னால் உள்ள தூண் தெளிவாக இருந்து ஆள் மட்டும் மங்கலாக இருந்தால் ஃபோகஸ் மிஸ் ஆகியிருக்கிறது. முகம் தெளிவாக இருந்து கை மட்டும் கலைந்திருந்தால் அசைந்தது அவர் கை, ஷட்டர் வேகம் போதவில்லை. நடுவில் எல்லாம் சரியாக இருந்து மூலைகள் மட்டும் குழைந்திருந்தால்தான் லென்ஸைப் பற்றிப் பேசவே வேண்டும்.

அகலமாகத் திறக்கும் பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாதது) வாங்கியவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். எஃப் எண் என்பது லென்ஸ் ஓட்டையின் அளவு; எண் சின்னதானால் ஓட்டை பெரிது. ஃபுல் ஃபிரேம் கேமராவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.4-இல் வைத்து, ஒன்றரை மீட்டர் தூரத்தில் இருப்பவரை எடுக்கிறீர்கள் என்றால், தெளிவாக வரும் ஆழம் மொத்தமே சுமார் இரண்டரை சென்டிமீட்டர். கண்ணில் ஃபோகஸ் பிடித்தால் காது போய்விடும். பிடித்த பிறகு நீங்களோ அவரோ மூச்சு விடும்போது லேசாகச் சாய்ந்தாலே கண்ணும் போய்விடும். நானும் முன்பு கடன் போட்டு அப்படி ஒரு லென்ஸ் வாங்கினேன். முதல் மாதம் முழுக்க எனக்குக் கிடைத்தது தெளிவான மூக்கு நுனிகள். எஃப் 2.8-க்கு வந்ததும் அதே லென்ஸ் அருமையாக வேலை செய்தது.

அப்படியென்றால் எஃப் 16, எஃப் 22 என்று மூடிவிட்டால் எல்லாமே ஷார்ப்பாக வருமே?

வராது. ஓட்டை சின்னதாக ஆக, அதன் வழியே போகும் ஒளி ஓரத்தில் வளைந்து பரவுகிறது. ஒரு புள்ளி சென்சாரில் புள்ளியாக விழாமல் ஒரு சின்ன வட்டமாக விழும். எஃப் 16-இல் அந்த வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய 21 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 6 மைக்ரான்தான். அதாவது ஒரு புள்ளி மூன்று நான்கு பிக்சலுக்குப் பரவிவிடுகிறது. எஃப் 5.6-இலிருந்து 8 வரைக்குள் பெரும்பாலான லென்ஸ்கள் நன்றாக இருக்கும்.

புது லென்ஸ் சரியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

சுவரில் செய்தித்தாளை விரித்து ஒட்டுங்கள். நடுவில் ஒரு தாள், நான்கு மூலைக்கும் நான்கு தாள். கேமராவை டிரைபாடில் வைத்து, சுவருக்கு நேராக நிறுத்தி, இரண்டு விநாடி டைமரில் எடுங்கள். முழுதாகத் திறந்து ஒன்று, பிறகு 2.8, 5.6, 8. நான்கு மூலையும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது லென்ஸின் சுபாவம், கவலை வேண்டாம். இடது மூலையில் எழுத்து படிக்க வருகிறது, வலது மூலையில் குழைந்து கிடக்கிறது என்றால், கேமரா கோணலாக நின்றதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி எடுங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் உள்ளே கண்ணாடி ஒன்று நடு விலகியிருக்கிறது. திருப்பிக் கொடுக்கும் தேதி தாண்டுவதற்குள் மாற்றிவிடுங்கள்.

இதைச் செய்து முடித்ததும் தாள்களைக் கழற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் சுவரையே எடுத்துக்கொண்டிருந்த பையன்களை எனக்குத் தெரியும். நல்ல கை அவர்களுக்கு. அந்த நேரத்தில் ஒரு முகத்தையாவது எடுத்திருக்கலாம்.

பார்க்கிறவர்களுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியுமா?

எதில் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இன்ஸ்டாகிராமில் 1080-க்கு 1350 என்று போடும் படம் ஒன்றரை மெகாபிக்சல்கூட இல்லை. வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் கம்பிரஷனில் நுணுக்கம் இன்னும் போகும். அந்த அளவில் பத்தாயிரம் ரூபாய் லென்ஸையும் ஒன்றரை லட்ச ரூபாய் லென்ஸையும் ஷார்ப்னஸை வைத்துப் பிரித்துச் சொல்ல என்னாலேயே முடியாது. ஆல்பத்துக்கு வரும் 12-க்கு 18 அங்குலப் பக்கத்தை 300 டி.பி.ஐ.-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடித்தால் சுமார் 19 மெகாபிக்சல் வேண்டும். அங்கே கொஞ்சம் தெரியும், அதுவும் கையில் எடுத்துக் கிட்டப் பார்த்தால். ஹாலில் மாட்டும் பெரிய பிரேமை யாரும் மூக்கு உரச நின்று பார்ப்பதில்லை.

ஷார்ப்பாக இல்லாத படம் எப்படி ஒருவர் மனதைத் தொடும்?

காரைக்குடிப் பக்கம் ஒரு திருமணம். அதிகாலை முகூர்த்தம், மண்டபத்தில் மஞ்சள் வெளிச்சம். கெட்டிமேளம் கொட்டியதும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நான் தாலி கட்டும் கையை எடுத்துக்கொண்டிருந்தேன். மேடை ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பெண்ணின் அப்பத்தா. எழுந்திருக்க முடியாமல், உட்கார்ந்தபடியே அட்சதையை வீசினார். அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பி ஒரே ஒரு கிளிக். ஷட்டர் 1/40 விநாடி. முகம் பரவாயில்லை. கை மட்டும் முழுக்கக் கலைந்து, விரல் எது அரிசி எது என்று தெரியாமல் வந்திருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்து அதை ரிஜெக்ட் ஃபோல்டரில் போட்டேன்.

ஆல்பம் செலக்‌ஷனுக்குப் பெண்ணின் தம்பி வந்தார். எல்லாப் படத்தையும் காட்டுங்கள் என்று கேட்டு, ரிஜெக்ட் ஃபோல்டரையும் திறக்கச் சொன்னார். அந்தப் படம் வந்ததும் நிறுத்தினார். "ஷேக் ஆயிருச்சு தம்பி, அதான் எடுத்து வச்சேன்" என்றேன். "அண்ணே, அப்பத்தா கை எப்பவும் இப்டித்தான் நடுங்கும். இதப் பெருசா போடுங்க" என்றார்.

எனக்குப் பிழையாகத் தெரிந்தது, அவருக்கு அப்பத்தாவாகத் தெரிந்தது. 1/500-இல் எடுத்திருந்தால் அந்தக் கை அசையாமல் நின்றிருக்கும், நடுக்கம் படத்தில் வந்திருக்காது. ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் நடந்தது அத்தனையும் அந்தக் கலங்கலில் பதிந்திருக்கிறது. அன்றிலிருந்து நான் எந்தப் படத்தையும் தனியாக உட்கார்ந்து அழிப்பதில்லை.

இது திருமண வீட்டுப் பாசம். மங்கலான படங்களால் பெயர் வாங்கிய புகைப்படக்காரர்கள் யாராவது உண்டா?

ஜூலியா மார்கரெட் கேமரன். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 டிசம்பரில், 48 வயதில், மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்போது குடும்பம் இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய ஐல் ஆஃப் வைட் தீவில் இருந்தது. வீட்டுக் கோழிக்கொட்டகையை ஸ்டுடியோ ஆக்கிக்கொண்டார். கொலோடியன் என்ற பசை போன்ற ரசாயனம் பூசிய கண்ணாடித் தகட்டை ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவ வேண்டிய காலம். அவருடைய படங்களுக்கு எக்ஸ்போஷர் நிமிடக் கணக்கில் போகும். அத்தனை நேரம் மூச்சு விடாமல் யார் உட்கார முடியும்? முகங்கள் லேசாக அசைந்திருக்கும். ஆழம் குறைவாக இருக்கும். அன்றைய புகைப்படச் சங்கத்து ஆட்கள் இதையெல்லாம் கத்துக்குட்டித்தனம் என்று திட்டினார்கள்.

1864 கடைசியில், வானியல் அறிஞரான நண்பர் ஜான் ஹெர்ஷலுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஃபோகஸ் என்றால் என்ன, எந்த ஃபோகஸ் முறையானது என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது என்று அதில் கேட்கிறார். நெகட்டிவ், பாசிட்டிவ் என்ற சொற்களைப் புகைப்படத்துக்குக் கொண்டுவந்தவர் அந்த ஹெர்ஷல். 1867-இல் அவரையே கேமரன் படம் எடுத்தார். கருப்பிலிருந்து ஒரு வயதானவரின் முகம் மட்டும் எழுந்து வருகிறது. நரைமுடி ஒளிபட்டுப் பறந்து நிற்கிறது. தோலில் ஒரு துளை தெரியாது. ஆனால் வாழ்நாள் முழுக்க இரவில் வானத்தைப் பார்த்த கண்கள் அவை என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தோன்றும்.

தன் முதல் மங்கல் படங்கள் தற்செயலாக வந்தவைதான் என்று கேமரனே பிற்பாடு எழுதினார். லென்ஸைத் திருகிக்கொண்டே வரும்போது தன் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திவிட்டாராம். மற்றவர்கள் வற்புறுத்தும் துல்லியம் வரைக்கும் மேலே திருகவில்லையாம். நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த இடத்தைத்தான். அவர் தெரியாமல் விட்டுவிடவில்லை, பார்த்துத்தான் நிறுத்தினார்.

1875-இல் கணவரோடு இலங்கைக்குக் குடிபோனார். அங்கே அவர்களுக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்தன. அந்தக் காலத்துக் காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். கேமரன் அங்கே தோட்டத் தொழிலாளர்களையும் களுத்துறைக் கிராமத்து மக்களையும் எடுத்தார். இன்று மிஞ்சியிருப்பவை கொஞ்சம்தான். களுத்துறையில் எடுத்த படம் ஒன்றின் கீழே, அந்தப் பெண்ணுக்கு 12 வயது, தானே அவளுடைய அப்பா என்று சொல்லும் கிழவர் தனக்கு நூறு வயது என்கிறார் என்று குறிப்பு எழுதியிருக்கிறார். ஆனால் இங்கிலாந்தில் எடுத்த பெரிய மனிதர்களுக்குப் பெயர் இருக்கிறது. இவர்களின் பெயரை அவர் எழுதி வைக்கவில்லை. அவர் படங்களை எவ்வளவு நேசித்தாலும், அந்த இடத்தில் எனக்கு மனம் நோகத்தான் செய்கிறது. 1879 ஜனவரியில் இலங்கையிலேயே இறந்துபோனார்.

போர்ப் படங்களிலும் இப்படி உண்டா?

உண்டு. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையில் அமெரிக்கப் படைகள் இறங்கியபோது போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காப்பா எடுத்தவை. தண்ணீரில் குப்புறக் கிடந்து முன்னேறும் வீரனின் முகம் கலைந்துதான் இருக்கிறது. அந்தப் படங்கள் லைஃப் பத்திரிகையின் ஜூன் 19 இதழில் வந்தன. லண்டன் இருட்டறையில் நெகட்டிவ்கள் சூட்டில் உருகிப் பெரும்பாலானவை பாழாகிவிட்டன என்று பல காலம் சொல்லப்பட்டது. பிற்பாடு ஆராய்ந்தவர்கள் அந்தக் கதையை மறுத்திருக்கிறார்கள். கதை எப்படியானாலும், குண்டு விழும் தண்ணீரில் நின்று படம் எடுத்தவரின் கை அந்தப் படத்தில் இருக்கிறது.

ஜப்பானில் 1968, 69-இல் மூன்றே இதழ்கள் வந்த 'ப்ரொவோக்' என்ற பத்திரிகையைச் சேர்ந்தவர்கள், மொரியாமா டைடோ போன்றவர்கள், கிரெயின் (படத்தில் தெரியும் சொரசொரப்பான புள்ளிகள்), ஷேக், அவுட் ஆஃப் ஃபோகஸ் மூன்றையும் வேண்டுமென்றே ஒரு பாணியாக்கினார்கள். எனக்கு அதில் எல்லாம் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

அப்போ ஷேக் ஆன படமெல்லாம் நல்ல படம் என்கிறீர்களா?

நிச்சயமாக இல்லை. ஷேக் ஆன படங்களில் பெரும்பாலானவை வெறும் ஷேக் ஆன படங்கள்தான். "நான் ஃபீலுக்காக அப்படி எடுத்தேன்" என்று தவறை மூடி மறைக்கும் பழக்கம் வந்துவிட்டால் வேலை கற்றுக்கொள்ள முடியாது.

ஷார்ப்னஸே நெஞ்சை அறுக்கும் படங்களும் உண்டு. 1984 டிசம்பரில் போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, ஒரு குழந்தையைப் புதைக்கும் காட்சியை ரகு ராயும் பாப்லோ பார்த்தலோமியோவும் எடுத்தார்கள். பார்த்தலோமியோவின் படம் அந்த வருடத்துக்கான வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ விருதைப் பெற்றது. மண்ணுக்குள் பாதி புதைந்த முகம். கண்கள் மூடவில்லை. அந்தப் படம் மங்கலாக இருந்திருந்தால் நாம் தப்பித்திருப்போம், பார்வையைத் திருப்ப ஒரு சாக்குக் கிடைத்திருக்கும். அந்தத் தெளிவு நம்மை விடுவதில்லை.

அதனால் என் முடிவு இதுதான். ஷார்ப்பா இல்லையா என்று கேட்பதற்கு முன்னால், இந்தப் படத்தில் பார்ப்பவர் கண் எங்கே போய் நிற்க வேண்டும் என்று கேளுங்கள். அந்த ஓர் இடத்துக்குத் தெளிவு தேவையென்றால் அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மூலைகளைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

முகத்தில் எங்கே ஃபோகஸ் வைப்பது?

கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண். பெரும்பாலும் இது போதும். ஆனால் பூத்தொடுக்கும் அம்மாவை எடுத்தால் விரலில் வையுங்கள். மகளை வழியனுப்பும்போது அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். அப்போது துண்டை இறுகப் பிடித்திருக்கும் கை சொல்வதை கண் சொல்லாது.

மண்டபத்தில் வெளிச்சமே இல்லை. ஐ.எஸ்.ஓ.-வை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஏற்றினால் கிரெயின் வருகிறது. என்ன செய்ய?

ஏற்றுங்கள். 6400 வரை தயங்க வேண்டாம். கிரெயினை எடிட்டிங்கில் குறைக்கலாம், அசைந்த முகத்தை நேராக்க முடியாது.

பழைய மேனுவல் லென்ஸ்களில் "உயிர்" இருக்கிறது என்கிறார்களே, வாங்கலாமா?

வாங்கிப் பாருங்கள், விலையும் அதிகமில்லை. சோவியத் காலத்து ஹீலியோஸ் 44, 58 மி.மீ., எஃப் 2, ஒரு அடாப்டர் போட்டால் இன்றைய மிரர்லெஸ் கேமராவில் மாட்டிவிடலாம். ஆளுக்குப் பின்னால் இலைகளும் வெளிச்சமும் இருந்தால் அவை சுழன்று நிற்பதுபோல வரும். 1840-இல் வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் கணக்குப் போட்டு உருவாக்கிய போர்ட்ரெய்ட் லென்ஸிலும் நடு தெளிவாகவும் ஓரம் சுழன்றும் இருக்கும். லைக்கா 1935-இல் தாம்பார் என்று, வேண்டுமென்றே மென்மையாக வரும் 90 மி.மீ. லென்ஸ் ஒன்றைச் செய்தது. 2017-இல் அதை மறுபடியும் கொண்டுவந்தது.

ஆனால் அந்த உயிர் கண்ணாடியில் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். மேனுவலாகத் திருகும்போது நீங்கள் மெதுவாகிறீர்கள், எதிரில் இருப்பவரை அதிக நேரம் பார்க்கிறீர்கள். வரும் மாற்றத்தில் பாதி அதனால் வருவது என்பது என் அனுபவம்.

நூற்றுக்கணக்கான படங்களில் எதை வைப்பது, எதைத் தள்ளுவது?

முதல் சுற்றில் ஜூம் செய்யவே செய்யாதீர்கள். சின்னச் சின்னப் படங்களாகத் திரையில் ஓடவிட்டு, கை தானாக நிற்கும் இடங்களை மட்டும் குறித்து வையுங்கள். ஒரு நாள் விட்டு இரண்டாவது சுற்று. அப்போது பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே கணத்தின் ஐந்து படங்கள் இருந்தால் ஷார்ப்பானதை எடுங்கள், அங்கே யோசிக்க எதுவும் இல்லை. ஒரே ஒரு படம்தான் இருக்கிறது, அதுவும் மங்கல் என்றால், வீட்டுக்காரர்கள் பார்க்கும்வரை அது இருக்கட்டும்.

தாத்தாவின் பழைய படம் மங்கலாக இருக்கிறது. ஏ.ஐ. ஆப்பில் போட்டு ஷார்ப் பண்ணலாமா?

இப்போது அதிகம் வரும் கேள்வி இதுதான். அந்த ஆப் உங்கள் தாத்தாவைத் தெளிவாக்குவதில்லை. படத்தில் இல்லாத விவரத்தை, தான் பார்த்துப் பழகிய லட்சக்கணக்கான முகங்களிலிருந்து ஊகித்து வரைந்து வைக்கிறது. ஒருவர் இப்படித் தன் தாத்தா படத்தைச் செய்து கொண்டுவந்தார். ஒவ்வொரு இமைமுடியும் தெரிந்தது. அதைப் பார்த்த அவருடைய அம்மா, "இது எங்கப்பா மாதிரி இல்லையேப்பா" என்றார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இடது புருவத்தில் இருந்த வெட்டுத் தழும்பை ஆப் முடியால் நிரப்பியிருந்தது. மேல் உதட்டு மச்சம் காணவில்லை.

கறை, கீறல், மடிப்பை நீக்குவது வேறு, அது தாராளமாகச் செய்யலாம். முகத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஃபோனில் படம் பிடிக்காமல் ஸ்கேனரில் 600 டி.பி.ஐ. வைத்து ஸ்கேன் செய்யுங்கள். நான்குக்கு ஆறு அங்குலப் படம் எட்டு மெகாபிக்சலுக்கு மேல் வரும், பெரிதாகப் போட அது போதும். டிஃப் ஃபைலாக (தரம் குறையாமல் சேமிக்கும் வகை) ஒரு பிரதியைத் தொடாமல் வையுங்கள். அப்புறம் அசல் படத்தின் பின்பக்கம் பெயரையும் ஊரையும் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதிவிடுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கத்துக்கு ஊறும்.